புள்ளி யாருடையது? வீட்டில் செய்த சூரியப் பெட்டி சொன்னபடி கேட்காதபோது

நாலு நாள் நான் ஒரு தூசியைப் படம் வரைந்துகொண்டிருந்தேன். சூரியனின் வட்டத்தைத் தாளில் விழவைத்து, அதன் முகத்தில் இருக்கும் கறும்புள்ளிகளைப் பார்க்கும் பெட்டியைச் செங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடியில் முதன்முதலாக நிறுத்திய வாரம் அது. வட்டத்தின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே கருகருவென்று ஒரு புள்ளி. தேதி போட்டு, நேரம் போட்டு, நாலு தாள் சேர்த்துவிட்டேன். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, இது நேத்தும் அங்கனதான இருந்துச்சு? சூரியன் சுத்தும்னு சொன்னீங்க?” என்றாள். லென்ஸைக் கழற்றி ஒரு ஊது ஊதினேன். புள்ளி போயே போய்விட்டது.

அதிலிருந்து எந்தக் கோளாறு வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான். இது தாளுடையதா, லென்ஸுடையதா, காற்றுடையதா, இல்லை சூரியனுடையதேதானா? கீழே வருவதெல்லாம் எனக்கும், என்னிடம் வந்து கேட்டவர்களுக்கும் நேர்ந்தவை.

நம் பெட்டி இதுதான்: கண்ணாடிக்கடையில் வெட்டாத ப்ளஸ் ஒன் பவர் லென்ஸ் ஒன்று, அதன் முன்னால் 25 மி.மீ. துளை போட்ட கறுப்பு அட்டை. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான பி.வி.சி. பைப், மறுமுனையில் வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் செருகிக்கொள்வாரே, அந்த லென்ஸ், குவியத் தூரம் 25 மி.மீ. வாக்கில். அதிலிருந்து 30 செ.மீ. தள்ளி, மூன்று பக்கம் மூடிய அட்டைப்பெட்டிக்குள் வெள்ளைத் தாள். ப்ளஸ் ஒன் லென்ஸ் ஒரு மீட்டர் தூரத்தில் 9 மி.மீ. சூரியனைத் தரும், பின்னால் இருக்கும் சின்ன லென்ஸ் அதைப் பதினோரு மடங்கு பெரிதாக்கி ஏறத்தாழ 10 செ.மீ. வட்டமாகத் தாளில் போடும். கடையில் வாங்கிய சின்னத் தொலைநோக்கி இருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஒன்றை மட்டும் கோளாறு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். பைப்பின் பின்முனையில் கண்ணை வைக்கவே கூடாது, ஒரு நொடிகூட. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்த பிறகுதான் பார்வையில் ஓட்டை தெரியும். எக்ஸ்ரே படம், சி.டி., புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் காப்பாற்றாது. கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பதும் அதே ஆபத்துதான். குவிந்து வரும் ஒளி அந்தக் கண்ணாடியின் மெல்லிய தாளையே பொசுக்கிவிடும். சில பொம்மைத் தொலைநோக்கிகளோடு, ஐபீஸில், அதாவது கண்ணை வைக்கும் பின் லென்ஸில், திருகிக்கொள்ள ஒரு கறுப்புச் சூரியக் கண்ணாடி வரும். அது சூட்டில் வெடிக்கும். குப்பையில் போடுங்கள். தொலைநோக்கியின் பக்கத்தில் குறி பார்க்க ஒட்டியிருக்கும் சின்னக் குழாய்க்கும் மூடி போடுங்கள். பெட்டியை விட்டுவிட்டுக் காபி குடிக்கக் கீழே இறங்குவதாக இருந்தால், முன் லென்ஸையும் மூடிவிட்டு இறங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு.

வட்டமே விழவில்லை

பைப் வழியாகக் குறி பார்க்கக் கை பரபரக்கும். பார்க்காதீர்கள். பைப்பின் நிழலைத் தரையில் பாருங்கள். நீளமாக விழும் நிழல், பைப் சூரியனை நோக்கித் திரும்பத் திரும்பச் சுருங்கி, கடைசியில் குட்டி வட்டமாகும். அந்தக் கணத்தில் தாளில் வெளிச்சம் பளிச்சென்று வந்து விழும்.

சித்திரை பிறக்கிற நாளையொட்டி எங்கள் ஊரில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கம்பு நட்டால் நிழலே இருக்காது. அப்போது பைப்பை நேர் செங்குத்தாக நிறுத்த வேண்டும், தாளோ ஸ்டாண்டின் கால்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்த வாரம் காலையில் பார்த்துக்கொள்வதே நல்லது.

வட்டம் விழுகிறது, எப்படி இழுத்தாலும் கூர்மையாகவில்லை

இதில் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். பின் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, பைப்புக்குள் இருந்த உறையே தேய்ந்துபோனது. கடைசியில் பார்த்தால் கடையில் கொடுத்தது ப்ளஸ் ஒன்னே இல்லை, முக்கால். குவியத் தூரம் ஒரு மீட்டருக்குப் பதில் ஒன்றேகால் மீட்டரையும் தாண்டிவிட்டது. என் பைப் எவ்வளவு இழுத்தாலும் அங்கே எட்டாது.

லென்ஸைப் பைப்பில் ஒட்டுவதற்கு முன்னால் சோதித்துவிடுங்கள். சூரியனை வைத்துச் சோதிக்க வேண்டாம், தீ பிடிக்கும். எங்கள் வீட்டில் மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். எதிர்ச்சுவருக்கு முன்னால் லென்ஸைப் பிடித்து மெல்ல விலக்கினால், ஓர் இடத்தில் ஆரியங்காவுப் பக்கத்து மலைமுகடு முழுசாக, பச்சையோடும் மேகத்தோடும் தலைகீழாகச் சுவரில் வந்து தொங்கும். அங்கிருந்து சுவருக்கு டேப் வைத்து அளந்தால் அதுதான் குவியத் தூரம். நூறு செ.மீ. வந்தால் ப்ளஸ் ஒன். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பெட்டியைவிட இதுதான் அவர்களுக்குப் பிடிக்கும்.

பவர் சரி, அப்படியும் மசமசப்பு என்றால் இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 102, 103 செ.மீ. இருக்க வேண்டும். குவியம் பார்க்க வட்டத்தின் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும், நடுவை அல்ல. ஓரம் பிளேடால் வெட்டியது போல் வந்துவிட்டால் புள்ளியும் வந்துவிடும்.

ஓரம் கூர்மை, ஆனால் வட்டம் வெளுத்துக் கிடக்கிறது

பத்துப் பேர் கேட்டால் எட்டுப் பேருக்கு இதுதான் கோளாறு. எட்டுப் பேரும் லென்ஸை மாற்றலாமா என்று கேட்பார்கள். லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணக்கைப் பாருங்கள்: 25 மி.மீ. துளையில் நுழைந்த வெயில் 100 மி.மீ. வட்டமாகப் பரவுகிறது. விட்டம் நாலு மடங்கு, பரப்பு பதினாறு மடங்கு. ஆக, தாளில் விழும் சூரியன் நேர் வெயிலில் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான். திறந்த மாடியில் சாதாரண நிழலிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு வெளிச்சம் இருக்கும். சுற்றியிருக்கும் வானத்தின் ஒளி புள்ளியின் கறுப்பின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மருந்து ஒன்றுதான், இருட்டு. பெட்டியின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு சார்ட் ஒட்டுங்கள். பார்க்கும் பக்கத்தில் மட்டும் கை நுழையும் அளவுக்கு வழி விட்டு, அதிலும் பழைய கறுப்புத் துணி தொங்கட்டும். அந்தக் காலத்து போட்டோகிராபர் மாதிரி தலையை உள்ளே நுழைத்துப் பாருங்கள், தாளை மட்டும். பி.வி.சி. பைப்பின் உள்பக்கம் வெள்ளையாக, பளபளவென்று இருந்தால் அதுவும் ஒளியைச் சிதறடிக்கும். கறுப்புத் தாளைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டால் போதும். இதையெல்லாம் செய்த அன்று, அதுவரை வெறும் வட்டமாக இருந்த என் தாளில் ஒரே நேரத்தில் ஏழு புள்ளிகள் தெரிந்தன.

ஒரு புள்ளி தெரிகிறது, நம்பலாமா?

முதலில் தாளை லேசாக ஆட்டுங்கள். ஆடும் தாளோடு புள்ளியும் ஆடினால் அது தாளின் அழுக்கு. மட்டமான தாளில் நார் இருக்கும், அதுவும் புள்ளி போலவே தெரியும். தாள் நகர்ந்து புள்ளி நின்றால் அடுத்த சோதனை: பின் லென்ஸைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். புள்ளியும் கூடவே சுற்றினால் தூசி, அல்லது கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி. முன் லென்ஸின் தூசி ஒருபோதும் புள்ளியாக விழாது. வட்டத்தை இம்மியளவு மங்கலாக்கும், அவ்வளவுதான். ஆகவே முன் லென்ஸைத் தினமும் துடைத்துக் கீறல் போடாதீர்கள்.

மூன்றாவது சோதனைக்குக் கையே வேண்டாம். பெட்டியைத் தொடாமல் நில்லுங்கள். பூமி சுற்றுவதால் வட்டம் தாளில் ஊர்ந்துகொண்டே போகும். இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆனால் தன் முழு அகலத்தையும் கடந்துவிடும். சூரியனுடைய புள்ளி சூரியனோடு போகும். தூசி, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கும்.

அப்புறம் புள்ளியின் முகத்தைப் பாருங்கள். தூசி முழுக்க ஒரே கறுப்பாக இருக்கும், அல்லது சுற்றி மெல்லிய ஒளி வளையம் கட்டியிருக்கும். கொஞ்சம் பெரிய சூரியப் புள்ளி என்றால் நடுவில் அடர்ந்த கறுப்பு, அதைச் சுற்றிச் சாம்பல் நிறக் கரை. அந்தக் கரையில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று 1909-ல் கண்டு சொன்னவர் ஜான் எவர்ஷெட். சொன்ன இடம் நம் கொடைக்கானல் வானாய்வகம். நடுக்கறுப்பும் உண்மையில் கறுப்பு இல்லை. சுற்றுப்புறம் 5,800 கெல்வினை ஒட்டி இருக்க, புள்ளியின் நடு 4,000 வாக்கில் இருக்கிறது. பக்கத்துப் பிரகாசத்தில் கறுத்துத் தெரிகிறது. தனியாக எடுத்து வானத்தில் வைத்தால் அதுவே கண்ணைக் கூச வைக்கும்.

இத்தனையிலும் தேறிய புள்ளிக்குக் கடைசிப் பரீட்சை மறுநாள். 10 செ.மீ. வட்டத்தின் நடுவில் உள்ள புள்ளி ஒரு நாளில் ஏறத்தாழ 11 மி.மீ. நகரும். ஓரத்தில் அப்போதுதான் தலைகாட்டியது என்றால் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல்தான். உருண்டையின் பக்கவாட்டில் அல்லவா அது வருகிறது! ஆகவே ஓரத்துப் புள்ளி “நகரவே இல்லை” என்று தூசிப் பட்டம் கட்டிவிடாதீர்கள். மூன்று நாள் பாருங்கள். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏறக்குறைய 13 நாள் எடுக்கும்.

சில நொடியில் குறுக்கே ஓடியது என்றால் பருந்து. எங்கள் பக்கம் மலையோரமாக நிறைய வட்டமிடும். நானும் ஒருமுறை புதன் கிரகமோ என்று பதறியிருக்கிறேன்.

ஓரம் கொதிக்கிறது, புள்ளி துடிக்கிறது

முதலில் எது ஆடுகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வட்டம் முழுசாகக் குதித்தால் ஆடுவது பைப். வட்டம் நிற்க, ஓரத்தில் மட்டும் தண்ணீர் கொதிப்பது போல் அலை ஓடினால் ஆடுவது காற்று.

பைப் ஆட்டத்துக்குச் செங்கோட்டைக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று, காயப்போட்ட போர்வையையே தென்காசிப் பாதையிலிருந்து தேடி எடுக்க வைக்கும். ஸ்டாண்டின் நடுவில் ஒரு பை மணலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கத்தில் ஒதுங்குங்கள்.

காற்றின் கொதிப்புக்கு மணல் மூட்டை உதவாது. வெயில் ஏற ஏறத் தரை சுட்டு, சூடான காற்று கீற்றுக் கீற்றாக எழும். ஒளி அதன் வழியே வரும்போது வளைந்து வளைந்து வருகிறது. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை எனக்குக் கைகொடுக்கும் நேரம். பதினொரு மணிக்கு மேல் சிமெண்டு மாடியில் நின்றுகொண்டு லென்ஸைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. பார்க்கும் திசையில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கிழக்கே பக்கத்து வீட்டுத் தகரக் கூரை இருந்தவரை என் வட்டம் இட்லிப் பானை மூடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியை மாடியின் மறுமூலைக்கு, வயல் தெரியும் பக்கத்துக்கு மாற்றினேன். தண்ணீர் நிற்கும் வயலுக்கு மேலே காற்று எவ்வளவோ சாது. மாடித் தரையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியும் பார்த்தேன். கொஞ்ச நேரம் தேவலை, அவ்வளவுதான்.

எதுவும் முடியாதபோது பொறுமைதான் கருவி. கொதிப்புக்கு நடுவே ஒரு நொடி எல்லாம் சட்டென்று நின்று தெளியும். அந்த நொடியில் பார்த்ததை மட்டும் வரையுங்கள்.

காலையில் மேலே இருந்த புள்ளி பிற்பகலில் கீழே இருக்கிறது

புள்ளி எங்கும் போகவில்லை. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 9 பாகை வடக்கே. சூரியன் ஏறக்குறைய நேர் செங்குத்தாக ஏறி, அப்படியே இறங்குகிறது. காலையில் அதன் மேற்கு முகம் வானத்தின் மேல்பக்கம் பார்த்திருக்கும். பிற்பகலில் அதே முகம் கீழ்ப்பக்கம் பார்க்கும். ஐரோப்பாக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் இந்தத் திருப்பம் இவ்வளவு பெரிதாக இருக்காது. நமக்கு வட்டமே கவிழ்ந்துவிடுகிறது.

அதனால் தாளில் மேல், கீழ் என்று எழுதாதீர்கள். பெட்டியை அசைக்காமல், ஒரு புள்ளி ஊர்ந்துபோகும் பாதையில் அரை நிமிஷத்துக்கு ஒன்றாக மூன்று பென்சில் குறி வையுங்கள். மூன்றையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. புள்ளி போகும் பக்கம் மேற்கு. நாளாவட்டத்தில் சூரியப் புள்ளிகள் நகர்வதும் அதே மேற்கு நோக்கித்தான். உங்கள் தாள்களில் அவை எதிர்ப்பக்கம் போவதாகத் தெரிந்தால் எங்கோ ஒரு தாளைத் திருப்பி அடுக்கிவிட்டீர்கள்.

தாளின் முன்பக்கத்திலிருந்து பார்ப்பது கண்ணாடியில் பார்ப்பது போல் இடவலம் மாறிய படம். மேற்கை இடக்கைப் பக்கம் வைத்தால் வடக்கு மேலே வரும். வெள்ளைத் தாளுக்குப் பதில் ட்ரேசிங் தாள் கட்டிப் பின்பக்கமிருந்து பார்த்தால் இடவலம் சரியாகிவிடும். அப்போது மேற்கு வலக்கை. தினமும், சூரியனைப் பார்ப்பதற்கென்றே நாசா அனுப்பிய எஸ்.டி.ஓ. விண்கலம் எடுத்த படத்தோடு ஒப்பிடுவோருக்கு இது வசதி. ஆனால் முதலில் வரைந்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். முதலில் அதைப் பார்த்துவிட்டால் இல்லாத புள்ளியும் தாளில் தெரியத் தொடங்கும்.

பங்குனி, புரட்டாசியில் புள்ளிகள் அந்தக் கோட்டுக்குச் சாய்வாக நகர்வது போலத் தெரிந்தால் அதுவும் பிழையல்ல. ஏப்ரல் தொடக்கத்திலும் அக்டோபர் தொடக்கத்திலும் சூரியனின் அச்சு நமக்கு 26 பாகை சாய்ந்து தெரியும். ஜனவரி, ஜூலை முதல் வாரங்களில் நேராகிவிடும்.

சில்லறைக் கோளாறுகள்

ஓரத்தில் ஊதாவும் சிவப்பும் கரை கட்டினால் முன் அட்டையின் துளை பெரிது. ஒற்றை லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. துளையை 20 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். வட்டம் முட்டையாக இருந்தால் தாள் பைப்புக்குச் செங்குத்தாக இல்லை. வட்டத்தின் நடு பளிச்சென்றும் ஓரம் மங்கலாகவும் இருந்தால் எதையும் தொடாதீர்கள், சூரியனே அப்படித்தான். ஓரத்தில் நாம் அதன் மேலடுக்கை, சூடு குறைந்த பகுதியைப் பார்க்கிறோம். அந்த மங்கலில் வெள்ளை நரம்பு போல ஏதாவது தெரிந்தால் அதிர்ஷ்டம், அதையும் வரையுங்கள்.

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் உடனே முன்பக்கத்தை மூடுங்கள். நம் 25 மி.மீ. துளையில் அரை வாட் சூடுதான் வரும், பயமில்லை. 60 மி.மீ. தொலைநோக்கியில் கிட்டத்தட்ட மூன்று வாட், அதுவும் பட்டாணியளவு இடத்தில். பிளாஸ்டிக் ஐபீஸ் உருகும். லென்ஸ்களைப் பசையால் ஒட்டிச் செய்த நல்ல ஐபீஸில் அந்தப் பசை கெட்டுவிடும். ஹெச் என்று எழுதிய பழைய மலிவு ஐபீஸ்தான் இந்த வேலைக்குத் தோது.

லென்ஸே இல்லாமல், சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை மாடியில் வைத்து இருட்டறைச் சுவரில் சூரியனை விழவைப்போருக்கு: படம் கண்ணாடித் துண்டின் வடிவத்திலேயே விழுந்தால் தூரம் போதவில்லை. கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, 6 மி.மீ. துளை மட்டும் விட்டு, 20 மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். 18, 19 செ.மீ. சூரியன் வரும். அதில் பெரிய புள்ளிகள் மட்டுமே தெரியும். 2024 மே மாதம் பெரும் காந்தப் புயலைக் கிளப்பிய புள்ளிக் கூட்டம் ஏறத்தாழ 15 பூமி அகலம். அந்த அளவு இருந்தால் இதிலும் சிக்கும். பெட்டியில் அது என் தாளில் ஒன்றரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக நீண்டு கிடந்தது.

எண்ணிக்கை அடுத்தவர் கணக்கோடு ஒத்துப்போகவில்லையா? அவர்கள் சுவிஸ் வானியலாளர் ருடால்ஃப் வுல்ஃப் முறையில் எண்ணியிருப்பார்கள்: கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளைக் கூட்டுவது. ஒற்றைப் புள்ளி மட்டும் இருந்தாலே 11 வந்துவிடும். அதற்குமேல் அவரவர் கருவிக்கு ஒரு பெருக்கெண் உண்டு. நம்முடையது சின்னக் கருவி, குறைவாகத்தான் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் வட்டம் துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தால், புள்ளி இல்லாத நாளாகவும் இருக்கலாம். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியன் இப்படி ஓய்ந்துபோகும். 2019-ல் முக்கால்வாசி நாள் ஒன்றுமே இல்லை. காலி வட்டத்துக்கும் தேதி போட்டு வையுங்கள்.

வாரக்கணக்கில் சூரியனே இல்லை

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் எங்களுக்கு இதுதான் கோளாறு, இதற்கு வழி கிடையாது. லென்ஸ் இரண்டையும் கழற்றி, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்துவிடுங்கள். ஒரு வருஷம் பைப்பிலேயே விட்டுவைத்தேன். ஆவணியில் எடுத்தபோது வாட்ச்காரர் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தாளைப் பார்த்தாள், பின் லென்ஸைச் சுற்றிப் பார்த்தாள், “மாமா, இதுவும் கூடவே சுத்துது” என்றாள்.